பழைய எலக்ட்ரிக் ஷேவர்: சரிசெய்து ஓட்டுவதா, புதிது வாங்குவதா?

எங்கள் வீட்டிலும் சொந்தக்காரர்கள் வீட்டிலுமாக இதுவரை பத்துப் பன்னிரண்டு பழைய ஷேவர்களைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். அதில் நிஜமாகவே ஆயுள் முடிந்தவை மூன்றுதான். மீதியெல்லாம் அழுக்கு, தேய்ந்த தலை (முடியை வெட்டும் மேல்பகுதி), சோர்ந்த பேட்டரி. ஒன்று வெறும் பூட்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

பணம் வீணாவது பெரும்பாலும் வரிசை தவறுவதால்தான். காசு செலவில்லாத சோதனைகளை முதலில் முடிக்க வேண்டும், அப்புறம் கணக்குப் போட வேண்டும், கடைசியாகத்தான் பர்ஸைத் திறக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். புதுத் தலை வாங்கி மாட்டிய அடுத்த மாதம் பேட்டரி போய்விடும், தலைக்குக் கொடுத்த காசும் அதோடு போகும்.

1. கையில் எடுத்து வைக்க வேண்டியவை

முதலில் மாடல் எண். ஷேவர் உடம்பின் பின்பக்கத்திலோ, சார்ஜ் குத்தும் இடத்துக்கு அருகிலோ, தலையைக் கழற்றினால் உள்ளேயோ பொடி எழுத்தில் இருக்கும். பிரவுன் ஷேவர்களில் ‘டைப்’ என்று போட்டு நான்கு இலக்க எண் தனியாக இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஈரம் பட்டுப் பட்டு எழுத்து அழிந்துகொண்டே வரும் என்பதால் இன்றைக்கே போனில் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது. உதிரி கிடைக்குமா என்ற கேள்விக்கு இந்த எண் இல்லாமல் பதில் கிடைக்காது.

அப்புறம் உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள். மேலே வலை போன்ற மெல்லிய தகடும் அதன் கீழே இடவலமாக ஓடும் பிளேடும் இருந்தால் அது ஃபாயில் வகை; பிரவுன், பானாசோனிக் பெரும்பாலும் இப்படி. இரண்டு மூன்று வட்டங்கள் சுழன்றால் ரோட்டரி. பிலிப்ஸ் ஷேவர்கள் பெரும்பாலும் இந்த வகை. சுத்தம் செய்யும் முறை இரண்டுக்கும் வேறு.

இவற்றோடு பழைய டூத்பிரஷ், திரவ சோப்பு, தையல் மிஷின் எண்ணெய், போனில் ஸ்டாப்வாட்ச். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் உதவும், இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

2. ஓடவே இல்லையென்றால்

என் மச்சான் ஒருநாள் “செத்துப்போச்சு, உதிரிக்கு வேணும்னா வெச்சுக்கோங்க” என்று தன் ஷேவரைக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குள் புதிது வாங்கிவிட்டிருந்தார். பட்டனை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தேன், ஓடிவிட்டது. பயணத்தில் பைக்குள் தானாக ஓடிவிடாமல் இருக்க வைத்திருக்கும் பூட்டு அது. திரையில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் மின்னும், அவ்வளவுதான். அதனால் முதல் வேலை, பட்டனை மூன்று நான்கு விநாடி அழுத்திப் பார்ப்பது. சார்ஜில் குத்தினாலே பூட்டு விலகும் மாடல்களும் உண்டு.

இரண்டாவது, வயர் குத்தியிருக்கும்போது ஓடவில்லை என்றால் அது கோளாறாகவே இல்லாமல் இருக்கலாம். தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்தக்கூடிய ஷேவர்களில் பெரும்பாலானவை சார்ஜ் ஏறும்போது ஓடாதபடிதான் செய்யப்பட்டிருக்கின்றன. ஈரக் கையோடு கரண்ட் வயர் வேண்டாம் என்பதுதான் காரணம்.

மூன்றாவது, அடாப்டர். அதன் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டும் மல்டிமீட்டர் காட்டுவதும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். சில அடாப்டர்கள் சுமை இல்லாதபோது கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், அதில் தப்பில்லை. மீட்டர் இல்லையென்றால் அதே மாடல் வைத்திருப்பவரிடம் அடாப்டரைக் கடன் வாங்குங்கள். முனை பொருந்துகிறதே என்று வேறு அடாப்டரைக் குத்தாதீர்கள். 12 வோல்ட், 15 வோல்ட், 8 வோல்ட், 5 வோல்ட் என்று கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும்.

மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த ஷேவர் என்றால், சார்ஜில் போட்டு விளக்கு எரியவில்லை என்று பத்து நிமிடத்தில் கைவிடாதீர்கள். அடிமட்டம் வரை இறங்கிய பேட்டரி விழித்துக்கொள்ள நேரம் எடுக்கும். ஓர் இரவு இல்லாமல், நீங்கள் வீட்டில் விழித்திருக்கும் பகலில் சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். உடம்பு சூடாகிறதா என்று இடையிடையே தொட்டும் பார்க்கலாம்.

3. சுத்தம்: இதைச் செய்யாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்

‘முடியைப் பிடித்து இழுக்கிறது’ என்று வந்த ஷேவர்களில் பாதிக்கு மேல் இந்தப் படியிலேயே சரியாகிவிட்டன. பிளேடுக்கும் வலைக்கும் நடுவே முடித்தூளும் தோல் எண்ணெயும் சேர்ந்து பசை மாதிரி ஆகிவிடும். மோட்டார் அந்தப் பசையோடு மல்லுக்கட்டும். வேகம் குறையும், சூடு ஏறும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். பார்ப்பவருக்குப் பேட்டரி போய்விட்டது போலத் தோன்றும்.

உங்கள் ஷேவரில் குழாய்ப் படம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தண்ணீர் காட்டவே கூடாது, தலையைக் கழற்றி உலர்ந்த பிரஷால் மட்டும் தட்டி எடுக்க வேண்டும். படம் இருந்தால், சார்ஜர் வயரைப் பிடுங்கிவிட்டு, தலையில் ஒரு சொட்டு திரவ சோப்பு விட்டு, வெதுவெதுப்பான தண்ணீருக்கு அடியில் அரை நிமிடம் ஓட விடுங்கள். பிறகு தலையைக் கழற்றித் தனியாக அலசி, நிழலில் காய வையுங்கள்.

ஃபாயில் வகையில் அந்த வலையை மட்டும் பிரஷால் தேய்க்காதீர்கள். தாளைவிட மெல்லிய தகடு அது. டூத்பிரஷ் முள்ளுக்குக்கூட நெளியும், நெளிந்த இடத்தில் பிளேடு உரசி ஓட்டை விழும்.

ரோட்டரியில் வேறொரு கண்ணி இருக்கிறது. மூன்று வட்டங்களையும் ஒரே கிண்ணத்தில் கொட்டி ஊறவைத்துக் கழுவுவார்கள். என் அப்பாவின் ஷேவரில் நானே அப்படிச் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒவ்வொரு சுழல் பிளேடும் தனக்கு மேலே இருக்கும் மூடியோடு மாதக்கணக்கில் தேய்ந்து தேய்ந்து ஜோடியாகியிருக்கும். ஜோடி மாறினால் பழைய நெருக்கம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும், அதுவரை வெட்டு மட்டமாகத்தான் இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு ஜோடியை மட்டும் கழற்றி, கழுவி, அதே இடத்தில் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

போர் தண்ணீர் வரும் வீடு என்றால் இன்னொன்று. அந்தத் தண்ணீர் காய்ந்தால் உப்பு வெள்ளையாகப் படியும், அது பிளேடுக்கு உப்புத்தாள் மாதிரி. கடைசி அலசலை மட்டும் டிஸ்டில்டு வாட்டரில் செய்யுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறோமே, அதே கேன்தான். ஒரு டம்ளர் போதும்.

4. ஒரு சொட்டு எண்ணெய்

சோப்பு அழுக்கோடு சேர்த்து எண்ணெயையும் கொண்டுபோய்விடும். அதனால் கழுவிக் காய்ந்த பிறகு ஃபாயில் மேல் ஒரு சொட்டு, ரோட்டரியானால் ஒவ்வொரு வட்டத்துக்கும் அரைச் சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டு, பத்து விநாடி ஓட்டி, மிச்சத்தைத் துடையுங்கள். தினமும் சோப்புப் போட்டுக் கழுவுபவர்கள் வாரம் ஒருமுறை செய்தால் போதும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். மார்கழிக் காலையிலும் ஏசி அறையிலும் அது நடக்கும். நாள்பட்டால் பிசுபிசுப்பாகி முடித்தூளை இழுத்து வைத்துக்கொள்ளும். இப்படி வந்த ஒரு ஷேவரின் பிளேடை விரலால் நகர்த்தக்கூட முடியவில்லை.

இதையெல்லாம் செய்துவிட்டு இரண்டு நாள் ஷேவ் செய்து பாருங்கள். சரியாகிவிட்டது என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், காசு மிச்சம்.

5. கடிகாரம் வைத்துப் பேட்டரி பார்ப்பது

இந்தச் சோதனை சுத்தத்துக்குப் பிறகுதான் வர வேண்டும். அழுக்கோடு பார்த்தால் பேட்டரியின் மேல் பொய்ப்பழி விழும்.

முழு சார்ஜ் ஏற்றுங்கள். லித்தியம் பேட்டரி உள்ள புதிய ஷேவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம், பழைய நிக்கல் வகைகளில் சிலவற்றுக்கு எட்டு மணி நேரம். பிறகு ஸ்டாப்வாட்சைத் தட்டிவிட்டு, முகத்தில் வைக்காமல், நிற்கும்வரை ஓட விடுங்கள். நிமிடத்தைத் தாளில் எழுதுங்கள்.

புதிதாக இருந்தபோது அட்டைப்பெட்டியில் எவ்வளவு போட்டிருந்ததோ, அதில் பாதிக்கு மேல் வந்தால் பேட்டரியைப் பற்றி நினைக்கவே வேண்டாம். பாதிக்குக் கீழே என்றாலும் உடனே மாற்றத் தேவையில்லை. ஒருவருக்கு ஷேவ் செய்ய ஐந்தாறு நிமிடம். பதினைந்து நிமிடம் ஓடினால் இரண்டு நாள் வேலை முடிகிறது. கண்ணாடிக்குப் பக்கத்திலேயே பிளக் இருக்கும் வீட்டில் அது ஒரு குறையா? அடிக்கடி வெளியூர் போகிறவருக்குத்தான் அது தொல்லை. ஒரு ஷேவ்கூட முடியாமல் நின்றால், அப்போது பேட்டரியைக் கணக்கில் சேர்க்கலாம்.

நிற்கும் விதத்தையும் கவனியுங்கள். நிக்கல் பேட்டரி மெல்ல மெல்லச் சோர்ந்து, சத்தம் இறங்கி இறங்கி நிற்கும். லித்தியம் உள்ளவற்றில் பல கடைசிவரை ஒரே வேகத்தில் ஓடிவிட்டுச் சட்டென்று நிற்கும். ஆகவே லித்தியம் ஷேவர் முழு சார்ஜிலேயே மந்தமாக ஓடினால் சந்தேகம் பேட்டரியைவிட உராய்வின் மேல்தான் போக வேண்டும்.

உராய்வா என்று பார்க்க, தலை இல்லாமல் அரை நிமிடம், தலையோடு அரை நிமிடம் ஓட்டிக் கேளுங்கள். தலை மாட்டியதும் சத்தம் வெகுவாக இறங்குகிறது, தொட்டால் சுடுகிறது என்றால் பிரச்சினை தலையில்.

6. தலை தேய்ந்ததா?

கம்பெனிகள் சொல்லும் கணக்கு இது: பிரவுன் 18 மாதத்துக்கு ஒருமுறை, பிலிப்ஸ் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பானாசோனிக் மேல்தகடு ஒரு வருடம், உள்பிளேடு இரண்டு வருடம். தினமும் ஷேவ் செய்பவருக்கான அளவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு முறை செய்பவர் நாள்காட்டியைப் பார்த்து மாற்ற வேண்டியதில்லை.

நாள்காட்டியைவிட முகம் சரியாகச் சொல்லும். ஒரே இடத்தில் நான்கைந்து முறை ஓட்ட வேண்டியிருப்பது, கழுத்தில் எரிச்சல், சுத்தம் செய்து எண்ணெய் விட்ட பிறகும் முடியை இழுப்பது, இதெல்லாம் தேய்மானம். ஃபாயிலைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓர் ஓட்டை கிழிந்திருந்தாலும், ஓரத்தில் கீறல் இருந்தாலும் அன்றே நிறுத்திவிடுங்கள். அந்த வழியாகத் தோல் உள்ளே போய் பிளேடில் மாட்டும்.

திரையில் ஷேவர் தலைப் படம் மின்னுவது பழுதல்ல, மாற்றும் நாள் வந்தது என்ற நினைவூட்டல். அது தேய்மானத்தை அளந்து சொல்வதில்லை. வெட்டு நன்றாக இருந்தால் ரீசெட் செய்துவிட்டு ஓட்டுங்கள்.

7. மோட்டார்

காதைக் கொடுத்துக் கேளுங்கள். தலையைக் கழற்றிய பிறகும் கரகரவென்று அரைக்கும் சத்தம் வருகிறதா? பிளேடை ஆட்டும் கம்பியை விரலால் அசைத்தால் தொளதொளவென்று ஆடுகிறதா? அந்தக் கம்பியைச் சுற்றியுள்ள ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா? கிழிந்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கும், துரு ஆரம்பித்திருக்கும். இதில் ஒன்று உறுதியானாலும், வாரன்டி முடிந்த ஷேவருக்கு என் பதில் ‘விட்டுவிடுங்கள்’தான். மோட்டார் தனி உதிரியாகக் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் கூலியோடு சேர்த்தால் கட்டுபடியாகாது.

8. கணக்கு: தலையின் விலையைப் பழுதுச் செலவில் சேர்க்காதீர்கள்

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். “தலையே இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாயாம், அதுக்குப் புதுசே வாங்கிடலாம்” என்பார்கள். புது ஷேவரின் தலையும் இரண்டு வருடத்தில் தேயத்தானே போகிறது? தலை என்பது பைக்குக்கு டயர் மாதிரி, ஓட்டுகிற செலவு. டயர் தேய்ந்ததற்காக யாரும் பைக்கை மாற்றுவதில்லை.

ஆகவே கணக்கை இப்படிப் போடுங்கள். அதே தரத்தில் ஒரு புது ஷேவரின் விலையிலிருந்து அதற்கான தலையின் விலையைக் கழியுங்கள். மிச்சம் வருவதுதான் உடம்பின் விலை: மோட்டார், பேட்டரி, சார்ஜர் எல்லாம் அதில் அடக்கம். உங்கள் பழைய ஷேவருக்கு ஆகும் பேட்டரிச் செலவையும் கூலியையும் அந்த உடம்பு விலையோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

எண்களைக் கணக்குக்காக வைக்கிறேன், உங்கள் ஊர்க் கடை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். புதிது 7,000, தலை 2,500 என்றால் உடம்பு 4,500. பேட்டரியும் கூலியும் 800. மோட்டார் நன்றாக இருக்கும்வரை யோசிக்கவே வேண்டாம், சரிசெய்யலாம். தலையும் சேர்ந்து தேய்ந்திருந்தாலும் அதே பதில்தான்.

இப்போது விலை குறைந்த ஷேவர். புதிது 2,000, தலை 1,400. உடம்பு வெறும் 600. இதற்கு 700 செலவழித்துப் பேட்டரி மாற்றுவது வீண். தலை மட்டும் தேய்ந்திருந்தால்? மேலே 600 போட்டால் புது மோட்டார், புது பேட்டரி, புது சார்ஜர் எல்லாம் வருகிறது. ஷேவருக்கு மூன்று நான்கு வயது ஆகியிருந்தால் புதிதே வாங்குவேன். இரண்டு வயதுதான், கடிகாரச் சோதனையிலும் தேறியது என்றால் தலையை மட்டும் மாற்றுவேன்.

உடம்பு விலையில் பாதியைப் பழுதுச் செலவு தாண்டினால் நான் புதிதுக்குப் போய்விடுவேன். பழைய உடம்பில் அடுத்து என்ன போகும் என்று தெரியாது, அந்த அபாயத்துக்கு மீதிப் பாதி.

கணக்குப் போடுவதற்கு முன் வாரன்டி தேதியையும் பாருங்கள். பில் தேடுவது அலுப்பாக இருந்தால், ஆன்லைனில் வாங்கியிருக்கும் பட்சத்தில் பழைய மின்னஞ்சலில் கிடைக்கும். வாரன்டி இருக்கும் ஷேவரில் ஒரு திருகாணியைக்கூடத் தொடாதீர்கள்.

9. தலை வாங்கும்போது

மாடல் எண்ணுக்கு எந்தத் தலை என்று கம்பெனியின் இணையதளத்திலோ கையேட்டிலோ பார்த்துவிட்டு, தலையின் சொந்த எண்ணை வைத்துத் தேடுங்கள். பிலிப்ஸில் எஸ்எச்30, எஸ்எச்71 என்றும், பிரவுனில் 52பி, 94எம் என்றும் இருக்கும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் தலைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

போலிகள் ஏராளம். பாதி விலைக்கு ஒரு தலையை நானும் வாங்கினேன். கச்சிதமாகப் பொருந்தியது, மூன்றாம் நிமிடத்தில் கன்னம் சுட்டது. கம்பெனியின் சொந்தக் கடை, சர்வீஸ் சென்டர் அல்லது திருப்பி எடுத்துக்கொள்ளும் விற்பனையாளர், இந்த மூன்றில் ஒன்றைப் பிடியுங்கள். உங்கள் மாடலுக்குத் தலை எங்கேயுமே இருப்பில் இல்லை என்றால் மேலே போட்ட கணக்கு செல்லாது. தலை வராத ஷேவருக்குப் பேட்டரி போட்டு என்ன பயன்?

10. பேட்டரி மாற்றுவது

முதலில் சர்வீஸ் சென்டரில் விலை கேளுங்கள். நீங்களே செய்வதாக இருந்தால் சால்டரிங், அதாவது ஈயத்தை உருக்கிக் கம்பியை ஒட்டும் பழக்கம் இருக்க வேண்டும். இதைப் படித்துத்தான் முதன்முதலாக சால்டரிங் இரும்பைத் தொடப்போகிறீர்கள் என்றால், கைராசியுள்ள மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

சார்ஜ் முழுவதும் இறங்கும்வரை ஓட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். கை தவறிக் கம்பிகள் ஒட்டிக்கொண்டால் பொறி கிளம்பாமல் இருக்க அது உதவும். திருகாணிகள் பெரும்பாலும் நட்சத்திர முனை கொண்ட டார்க்ஸ் வகை. சில, அலங்காரப் பட்டைக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடுங்கள். பேட்டரியின் எந்த முனை எந்தப் பக்கம் என்ற படம் மிக முக்கியம்.

பேட்டரி உப்பியிருந்தாலோ இனிப்பான ரசாயன வாடை வந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். நெம்பாதீர்கள், குத்தாதீர்கள்.

இனிதான் பெரிய ஆபத்து. ஷேவரில் வரும் நிக்கல் செல்லும் 14500 என்ற லித்தியம் செல்லும் ஒரே அளவு, நம் டார்ச்சுக்குப் போடும் பென்சில் செல் அளவுதான். ஆனால் நிக்கல் 1.2 வோல்ட், லித்தியம் 3.6 அல்லது 3.7 வோல்ட். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிறதே என்று ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால் சார்ஜ் செய்யும் முறை மாறிப்போகும், லித்தியமாக இருந்தால் தீப்பிடிக்கவும் கூடும். பழைய செல்லின் மேல் எழுதியிருப்பதைப் படித்து அதே வகை, அதே வோல்ட் வாங்குங்கள்.

சென்னையில் ரிச்சி தெருப் பக்கம் இவை கிடைக்கும். இரு முனையிலும் தகட்டு வால் வைத்ததாகக் கேளுங்கள். செல்லின் மேலேயே நேராக சால்டர் வைத்தால் சூட்டில் உள்ளே கெட்டுப்போகும், வாலில் வைத்தால் தப்பிக்கும். 14500 செல்லில் கொள்ளளவு 2,500 மில்லிஆம்பியர்மணி என்று அச்சடித்திருந்தால் கீழே வைத்துவிட்டு வாருங்கள். அந்த அளவு லித்தியம் செல்லில் நிஜமாகக் கிடைப்பது சுமார் 600 முதல் 1,000 வரைதான்.

மூடும்போது ரப்பர் வளையத்தில் மெல்லிய சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். அப்படியும், வீட்டில் திறந்து மூடிய ஷேவரை இனிமேல் தண்ணீர் புகாதது என்று நம்பாதீர்கள். ஷவருக்கு அடியில் வேண்டாம், உலர்ந்த ஷேவ்தான். கழுவுவதும் தலையை மட்டும் கழற்றி, தனியாக.

முதல் சார்ஜை நேரில் உட்கார்ந்து பாருங்கள். கையால் பிடிக்க முடியாத சூடு வந்தால் உடனே பிடுங்குங்கள்.

11. புதிதுதான் என்று முடிவானால்

ஷேவரின் விலையைப் பார்ப்பதற்கு முன் அதன் தலையின் விலையைத் தேடுங்கள், நாலைந்து வருடத்துக்கு அதைத்தான் கட்டப்போகிறீர்கள். தலை எளிதாகக் கிடைக்கும் மாடல், பழைய தலைகள் வீட்டில் மிச்சமிருந்தால் அவை பொருந்தும் மாடல், இந்த இரண்டுக்கும் நான் முன்னுரிமை தருவேன்.

வந்த மறுநாளே பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வேறு வகை ஷேவருக்குத் தோல் பழக மூன்று வாரமாவது பிடிக்கும், அதுவரை எரிச்சல் இருக்கலாம். ஃபாயிலிலிருந்து ரோட்டரிக்கு மாறிய என் நண்பர் நான்காம் நாளே ஷேவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, பழையதும் கையில் இல்லாமல் பத்து நாள் தாடியோடு திரிந்தார்.

ஒரு மாதம் கழித்து, பழையதன் அடாப்டரை மாடல் எண் எழுதிய சீட்டோடு எடுத்து வையுங்கள், சொந்தத்தில் யாருக்காவது உதவும். ஷேவரைக் குப்பை வண்டியில் போடாதீர்கள். வண்டியில் நசுங்கினால் லித்தியம் தீப்பிடிக்கலாம். பேட்டரியைக் கழற்றியிருந்தால் இரு முனையிலும் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் இரண்டையும் கொடுத்துவிடுங்கள்.